ஊராருக்கெல்லாம் ‘நான்’ சொன்ன அக்கா

அக்காவைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "எழுது. ஆனா என்னை நல்லவளா காட்டிடாதே. நான் அந்தப் பொண்ணைப் பாத்து வயிறெரிஞ்சவ. அதை விட்டுட்டு எழுதினா அது வேற யார் கதையோ." அதனால் வயிற்றெரிச்சலை மறைக்காமலே எழுதுகிறேன். கடைசியில் நானும் ஓர் ஓரமாக வருவேன், அதுவும் வெறும் குரலாக.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, வேலையில் எனக்கு மூத்தவள். அவளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. எனக்கும் அதே வேலைதான். பிழைக்க வந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய், பாஷை தெரியாமல் நம் ஆட்கள் திருதிருவென்று விழிப்பார்கள் இல்லையா? அப்போது அங்கே இருப்பவர் எங்கள் நிறுவனத்தை அழைப்பார். எங்களில் யார் சும்மா இருக்கிறோமோ அவர் காதில் மணி அடிக்கும். அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நம் ஆள், நடுவில் நாங்கள். எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அறிவுரை சொல்லவே கூடாது. இன்னொரு விதி உண்டு, அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். பேசுகிறவர் சொல்வதை அவராகவே நின்று சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் "எனக்கு மூலம்" என்றால் நாங்களும் "எனக்கு மூலம்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்கு மூலமாம்" என்று நைசாக ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அதனால் அக்கா ஒரே நாளில் கர்ப்பிணியாக இருப்பாள், சர்க்கரை நோயாளியாக இருப்பாள், மகன் பரீட்சையில் கோட்டை விட்டதற்காக வாத்தியாரிடம் மன்றாடும் அப்பாவாகவும் இருப்பாள். ஒரு தடவை ஒருவர் குடியிருப்பு அலுவலக அதிகாரியைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு ஆபீசரா, எருமை மாடு!" என்று கத்தியிருக்கிறார். அக்கா அதே சூட்டோடு அதை அந்த ஊர் மொழியில் இறக்கிவிட்டாள். அதிகாரி குழம்பிப்போய், "இதில் எருமை எங்கே வந்தது?" என்று கேட்க, அக்கா அதையும் தமிழில் சொல்ல, அந்த ஆள் அதிர்ந்துபோய், "ஏம்மா, இதையெல்லாமா போய் சொல்லுவே, உனக்கு அறிவில்லையா?" என்று அக்காவைத் திட்டினாராம். அதையும் அக்கா மொழிபெயர்த்தாள்! இதைச் சொல்லும்போது மட்டும் அவள் இன்னமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

பெருந்தொற்று வந்ததும் எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். எல்லோரும் வீட்டிலிருந்தே பேசுங்கள், பேசுவது வேறு யார் காதிலும் விழக் கூடாது என்று உத்தரவு. அக்கா வீடு நாலாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். அந்த அறைக்குள் கட்டில், டிவி, ஓர் அலமாரி. அலமாரி என்றால் சுவரோடு சேர்த்துக் கட்டிய, ஆள் நுழையக்கூடிய துணி அலமாரி. அக்கா அதற்குள் போய் உட்கார்ந்தாள். குளிர்கால கோட்டுகள் நடுவே ஒரு ஸ்டூல், சூட்கேஸ் மேல் கம்ப்யூட்டர், தலையில் ஹெட்செட். கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டால் வேர்த்து ஊற்றும்.

கதவுக்கு வெளியே அவள் வீட்டுக்காரர். அவர் சுற்றுலா பஸ் ஓட்டுநர். ஊர் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது யார் சுற்றுலா போவார்கள்? பஸ் பணிமனையில் தூசி வாங்கிக்கொண்டு நின்றது, இவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். பஸ்ஸில் மைக் பிடித்து ஐம்பது பேரைச் சிரிக்க வைக்கிற மனுஷன் அவர். ஊர் மொழியும் அத்துப்படி. கீழ் வீட்டு அம்மா மூட்டை தூக்கிக்கொண்டு போனால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவர் வீட்டுக் கதவைச் சாத்தியதும் வேறு ஆள். அது முன்பும் இருந்ததுதான். முன்பெல்லாம் அவர் வாரக் கணக்கில் பஸ்ஸோடு போய்விடுவார், அக்கா மூச்சு விட்டுக்கொள்வாள். இப்போது அந்த மூச்சும் போயிற்று.

பொறாமை அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தது அவர் வழியாகத்தான்.

"யார்டி அது, அந்த டாக்டர்? உன்கிட்ட மட்டும் அவ்ளோ நேரம் பேசறான்?"

"என்கிட்ட பேசலைங்க. நோயாளிகிட்ட பேசறாரு."

"நீதானே ‘எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது’ன்னு சொன்னே? என் காதால கேட்டேனே."

"அது ஒரு தாத்தாங்க. எழுபது வயசு."

"தாத்தாவுக்கு நெஞ்சு அடிச்சா உன் குரல் எதுக்கு குழையுது?"

பதில் சொல்லாவிட்டால் கிள்ளுவார். முழங்கைக்கு மேலே, சட்டைக் கை மறைக்கும் இடமாகப் பார்த்து, திருகிப் பிடித்து, சதை கறுக்கும் வரை விடமாட்டார். கை ஓங்கி அடித்தது கிடையாது. அதைச் சொல்லி அவரே பெருமைப்பட்டுக்கொள்வார். ரொம்பக் கோபம் வந்தால், அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிடுவார். பிரசவ வலியில் இருக்கும் ஒருத்திக்கு நர்ஸ் சொல்வதைப் பாதியில் விட்டுவிட்டு, கோட்டுகளுக்கு நடுவே இருட்டில் அக்கா உட்கார்ந்திருப்பாள். நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வரும். வீட்டுச் சாவி அவர் கால்சட்டைப் பையில். "வெளியே கிருமி சுத்துது, உன் நல்லதுக்குத்தான்" என்று அவர் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்வருவார். நோய் அவருக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது.

அக்காவின் அம்மா போனில் பூரித்துப் போவாள்.

"கடைக்குக்கூட உன்னை அனுப்பறதில்லையாமே மாப்பிள்ளை! எல்லாம் அவரே பாத்துக்கறாராம். நீ கொடுத்து வச்சவடி."

"ம்ம்."

"என்னடி ம்ம்? எப்படி இருக்கே?"

அக்கா சொன்ன ஒரு விஷயம் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அவளுக்கு வாய் திறக்காதாம். வேறு யாரோ பதில் சொல்லப் போகிறார்கள், நாம் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று காத்திருப்பாளாம். தூக்கம் போயிற்று. தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதா வேண்டாமா என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருப்பாள். ஆனால் ஹெட்செட்டை மாட்டினால் மட்டும் கடகடவென்று வந்துவிடும். எல்லார் பேச்சும் வந்தது, தன் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று.

அந்த நேரத்தில்தான் பிஸ்கட் வந்தாள்.

அக்கா வைத்த பெயர் அது. அடிபடும் பெண்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பிலிருந்து அழைப்பு. அந்தப் பக்கம் ஆலோசகர் அம்மா, நிதானமான குரல். இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். குளியலறைக்குள் உட்கார்ந்து பேசுகிறாள், குழாய் சொட்டுவது கேட்டது. நடுநடுவே ‘மொறுக்’ என்று ஒரு சத்தம்.

"மன்னிச்சுக்கோங்கக்கா, பயம் வந்தா எனக்கு எதையாவது கடிச்சுக்கிட்டே இருக்கணும். பிஸ்கட்தான்."

விதிப்படி அக்கா அதையும் ஆலோசகரிடம் சொன்னாள்: "மன்னிக்கவும், பயம் வந்தால் நான் எதையாவது கடிப்பேன்." ஆலோசகர் சிரித்தார். "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்றார்.

பிறகு அந்தப் பெண் சொல்லத் தொடங்கினாள். "என் வீட்டுக்காரர் கதவைப் பூட்டிட்டு சாவியை எடுத்துட்டுப் போயிடறாரு. கேட்டா கிருமிங்கறாரு." அக்கா அதை ஊர் மொழியில் தன் வாயால் சொன்னாள்: என் கணவர் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துப் போகிறார். "நான் யார்கூட பேசினாலும் சந்தேகப்படறாரு." என் கணவர் சந்தேகப்படுகிறார். "நேத்து கன்னத்துல ரெண்டு அறை விட்டாரு." என் கணவர் நேற்று என்னை இரண்டு முறை அறைந்தார். "எங்கம்மா நான் கொடுத்து வச்சவன்னு நினைச்சிட்டிருக்காங்க." இந்த இடத்தில் அக்கா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

எல்லாம் கேட்டுவிட்டு ஆலோசகர் சொன்னார்: "இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன்."

அக்கா அதைத் தமிழில் எடுத்துக் கொடுத்தாள். "உங்க மேல தப்பே இல்ல. நீங்க சொன்னதை நான் நம்பறேன்." மறுமுனையில் அந்தப் பெண் ஓவென்று அழுதாள். பிஸ்கட் வாயோடு அழுதாள்.

எனக்கு இதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு அந்த நிமிஷத்தில் அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு எரிந்தது. அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

"என்கிட்ட எனக்குன்னு இருந்தது அந்த ஒரு கதைதான்டி," என்றாள் என்னிடம். "அதையும் அவ முந்திக்கிட்டு சொல்லிட்டா. அதுவும் என் வாயாலயே சொல்ல வச்சுட்டா. நம்பறேன்னு சொன்னாங்களே, அது என் வாய்க்குள்ள வந்து, என் நாக்கைத் தொட்டுட்டு, அவளுக்குப் போயிடுச்சு."

பரிமாறுகிறவளுக்கும் பசிக்கும் இல்லையா? அக்காவுக்கு அப்படிப் பசித்தது.

அழைப்பு முடிந்து வெளியே வந்தாள். வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு யாருக்கு என்ன கேடு?"

"ஏதோ ஒரு பொண்ணு. வீட்ல பிரச்சனையாம்."

"பிரச்சனையாம் பிரச்சனை. உக்காத்தி வச்சு சோறு போட்டா கொழுப்பு. நீ டீ போடு."

அக்கா டீ போட்டாள். போட்டுக்கொண்டே மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். அவளுக்கு ரெண்டு அறைதானே விழுந்தது? என் கையைப் பார்த்தால் என்ன சொல்வாள்? ரெண்டு அறைக்கே இவ்வளவு உபசாரமா? அவளுக்கு வயசு இருக்கிறது, அழ வருகிறது, கேட்க ஆள் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? கோட்டு இருக்கிறது.

அந்தப் பெண்ணின் இரண்டாவது அழைப்பும் தற்செயலாகத் தனக்கே வந்தபோது அக்கா ஒரு காரியம் செய்தாள். வார்த்தை எதையும் மாற்றவில்லை, விடவில்லை, கூட்டவில்லை. ஆனால் ஆலோசகரின் குரலில் இருந்த ஈரத்தை மட்டும் துடைத்து எடுத்துவிட்டாள். "உங்களுக்காக ஓர் அறை ஏற்பாடு செய்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று அவர் அத்தனை பிரியமாகச் சொன்னதை, ரயில் தாமதம் என்று அறிவிக்கிறவள் போலச் சொன்னாள். "உங்களுக்காக ஒரு ரூம் ஏற்பாடு பண்ணியிருக்கேன். எப்ப வேணாலும் வாங்க." அவ்வளவுதான். ஒலிப்பதிவை எடுத்துக் கேட்டாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "அவங்க என் மேல கோவமா இருக்காங்களா? திரும்பத் திரும்ப போன் பண்றேன்னு?"

அக்கா அதை ஆலோசகரிடம் சொன்னாள். "ஐயோ, இல்லவே இல்லை!" என்று பதறினார் அவர். அக்கா அந்தப் பதற்றத்தையும் துடைத்துவிட்டு, "இல்லவே இல்ல" என்றாள்.

"சரி, பரவாயில்லைங்க. நான் பாத்துக்கறேன். அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? இப்ப வேணாம்."

அந்த நொடியில் அக்காவுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் துள்ளியது. போகமாட்டாள்! அவளும் இங்கேதான் கிடக்கப் போகிறாள், என்னைப் போல! அந்தச் சந்தோஷத்தோடு உருளைக்கிழங்குத் தோல் சீவ உட்கார்ந்தவள், பாதிக் கிழங்கில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. தூக்கிவிட நீண்ட ஒரு கைக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவே, தான் விறைத்துப்போய் நின்றுவிட்டது புரிந்தது. இன்னொரு அழைப்பு வராதா என்று அன்றிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

வந்தது. அதுவும் எண்ணைச் சொல்லி, "அந்த அக்காவே வேணும்" என்று கேட்டு வாங்கியிருந்தாள் பிஸ்கட். "அவங்கதான் கூட்டிக் குறைச்சு சொல்ல மாட்டாங்க" என்றாளாம். அதைக் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்றாள் அக்கா.

அன்றைக்கு மொறுக் சத்தம் இல்லை. பேச்சு குழறியது.

"உதடு கிழிஞ்சிடுச்சுக்கா. கடிக்க முடியல."

ஆலோசகர் பேசப் பேச, அக்கா இந்த முறை அவர் குரலில் இருந்த அத்தனையையும் அள்ளிக் கொடுத்தாள். இருந்ததற்கு மேலேயே கொடுத்திருப்பாள். "வாங்க. நீங்க வர்றது எனக்குத் தொந்தரவே இல்ல. ரூம் தயாரா இருக்கு. ஜன்னல் இருக்கு. உங்களுக்குன்னு தனியா ஒரு சாவி தருவோம், அதை வேற யாரும் வச்சுக்க மாட்டாங்க."

சாவி! அந்த வார்த்தையைத் தன் வாயால் சொன்னதும் அக்காவின் வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. மனுஷ மனசு எப்படிப்பட்டது பாருங்கள், பரிதாபப்பட்டுக்கொண்டே பொறாமைப்படுகிறது.

"சரிங்க," என்றாள் பிஸ்கட். ஒரே ஒரு வார்த்தை.

அந்த ‘சரிங்க’வை எடுத்துக்கொண்டு போன அக்கா, ஊர் மொழியில் இப்படிச் சொன்னாள்: "சரி. வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அங்கே இடம் உண்டா? கணவர் அடிப்பதில்லை, கிள்ளுகிறார், இன்டர்நெட்டைப் பிடுங்குகிறார் என்றால் அதெல்லாம் கணக்கில் வருமா? அவர் எப்போதும் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?"

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அடுத்தவள் வாய்க்குள் தன் கேள்வியை ஒளித்து வைத்து அனுப்பிவிட்டாள்.

ஒரு வார்த்தை இவ்வளவு நீண்டதை ஆலோசகர் கவனித்துவிட்டார். பிஸ்கட்டும் அந்தப் பக்கம் குழம்பிப் போனாள்.

"அக்கா, நான் சரிங்கன்னு மட்டும்தானே சொன்னேன்? எதுக்கு இவ்ளோ நேரம் பேசினீங்க? நடுவுல இன்டர்நெட்னு வந்துச்சு. எங்க வீட்ல இன்டர்நெட்டே கிடையாதே."

நல்லவேளை, வெளியே டிவி அலறிக்கொண்டிருந்தது, வீட்டுக்காரர் காதில் எதுவும் விழவில்லை.

ஆலோசகர் நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் கணக்கில் வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடம் உண்டு. இப்போது ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் தனியாக இருக்கிறீர்களா?"

அக்கா பழக்க தோஷத்தில் அதை அப்படியே தமிழில் திருப்பினாள்.

"ஆமா, அவர் வெளிய போயிருக்காரு," என்றாள் பிஸ்கட்.

"இல்லை," என்றார் ஆலோசகர். "நான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறேன்."

அக்கா அதையும் மொழிபெயர்த்தாள்! "இல்ல. நான் மொழிபெயர்ப்பாளரைக் கேக்கறேன்." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை எனக்கு. நாள் முழுக்க அவள் வாய் வழியாகப் போன கேள்வி அது. அது தனக்கும் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிஸ்கட் கிசுகிசுத்தாள்: "அக்கா... உங்களைத்தான் கேக்குறாங்க."

அக்காவுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. அலமாரிக் கதவுக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

அந்தக் கிழிந்த உதட்டுப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

"அக்கா, நீங்க எதுவும் பேசாதீங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காருன்னு புரியுது, எனக்கும் அப்பத்தான் வாய் வராது. நான் சொல்றேன், நீங்க எப்பவும்போல அந்தம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொல்றது தப்பா இருந்தா விட்டுடுங்க, சரியா? ‘நான் தனியா இல்ல.’"

அக்கா ஊர் மொழியில் சொன்னாள்: நான் தனியாக இல்லை.

"‘என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளிய இருக்காரு.’"

சொன்னாள்.

"‘எனக்கு உடம்பு வலிக்குது. எனக்குப் பயமா இருக்கு.’ இது சரியா அக்கா?"

அக்கா அதையும் சொன்னாள்.

வெளியே இருந்தவருக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆனால் ஹெட்செட்டுக்குள் பேசுவது அவருக்குக் கேட்காது, அக்கா சொல்வது மட்டும்தான் கேட்கும். தினமும் கேட்கிற புலம்பல்தானே! "இன்னும் முடியலையா அந்த அழுமூஞ்சிங்க கூட? டீ நேரமாச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"உங்கள் நிறுவனத்திடம் உங்கள் முகவரி இருக்கும்," என்றார் ஆலோசகர். "இன்று யாரையாவது அனுப்பட்டுமா?"

அக்கா அதைத் தமிழில் பிஸ்கட்டிடம் சொன்னாள். பிஸ்கட், "ஆமான்னு சொல்லுங்க அக்கா" என்றாள். அக்கா, "ஆமாம்" என்றாள். டீ போட வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலமே இரண்டு போலீஸ்காரர்கள் மாடியேறி வந்தார்கள், ஓர் ஆண், ஒரு பெண், முகத்தில் மாஸ்க். வீட்டுக்காரர் கதவைத் திறந்து பஸ் மைக்கில் பேசுகிற குரலில் வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"சார், என் மனைவி மொழிபெயர்ப்பாளர். நாள் பூரா ‘என் கணவர் அடிக்கிறார், என் கணவர் பூட்டுகிறார்’ என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். யாரோ தப்பாகக் கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்வது எதுவும் அவளுடையது இல்லை."

இதைவிடக் கச்சிதமான சாட்சி எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்? பெண் அதிகாரி அக்காவைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள்."

அக்கா வாயைத் திறந்தாள். ஊர் மொழியில் ஒரு வார்த்தை வரவில்லை. யாரோ தமிழில் எடுத்துக் கொடுக்க வேண்டும், பிறகு தான் சொல்ல வேண்டும் என்று நின்றாள். நிற்க நிற்க வீட்டுக்காரரின் முகத்தில் சிரிப்பு அகன்றது. "நானே மொழிபெயர்க்கிறேன் சார்" என்றார்.

"தேவையில்லை," என்று அந்த அதிகாரி போனை எடுத்து எங்கள் நிறுவனத்தை அழைத்தார்.

மணி அடித்தது என் காதில்.

நான் வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான். எண்ணைச் சொல்லி, வணக்கம் சொல்லி, விதிகளை ஒப்பித்தேன். என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார், நான் தமிழில் கேட்டேன். கரகரவென்று ஒரு பெண் குரல்.

"கையில கிள்ளுவாரு. திருகித் திருகி, கறுத்துப் போற வரைக்கும் விடமாட்டாரு. வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிடுவாரு."

எனக்குப் பதற்றம். பெரிய குற்றச்சாட்டாக இருக்கிறதே என்று நாக்கு தானாகவே பதுங்கியது. "சில சமயம் கையைக் கிள்ளுகிறார். வெளியே போக வேண்டாம் என்கிறார்" என்று ஊர் மொழியில் சொன்னேன்.

அந்தப் பக்கம் வெடித்தது பாருங்கள்!

"ஏய், நிறுத்து! சில சமயமா? நான் எப்போ சில சமயம்னு சொன்னேன்? கறுத்துப் போச்சுன்னேனே, அதை எங்க முழுங்கினே? இது என் கதைடி! எனக்கு நடந்தது! அதை நீ தண்ணி ஊத்தி சொல்லுவியா?"

நான் விதிப்படி அதை மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா ஊர் மொழியில், எந்தத் தடங்கலும் இல்லாமல், அந்த அதிகாரியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "இந்தப் பெண் சரியாகச் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்." கிள்ளியது, பூட்டியது, வயரைப் பிடுங்கியது, அலமாரி, எல்லாம். "பார்த்தீர்களா, எவ்வளவு அழகாகப் பேசுகிறாள், சொன்னேனே இதுதான் அவள் உத்தியோ..." என்று வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "நீங்கள் சமையலறைக்குப் போங்கள்" என்றார் ஆண் அதிகாரி. சட்டைக் கையை மேலே ஏற்றும் சரசரப்பு எனக்குப் போனில் கேட்டது. வைத்துவிடலாம் என்று யாரும் சொல்லாததால் நான் கடைசி வரை போனில் இருந்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்றே அக்கா ஒரு பையோடு அந்த வீட்டை விட்டு இறங்கினாள். வெகுநாள் கழித்து நிறுவனக் கூட்டத்தில் அவள் குரலைக் கேட்டதும் நான் அடையாளம் கண்டு நடுங்கிப் போனேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் மேல வந்துச்சு பாரு ஒரு எரிச்சல், அப்பப்பா! அந்தப் பொண்ணு நல்லா சொன்னா, அதுக்கே எனக்குப் பொறுக்கல. நீ அரைகுறையா சொல்றே. சும்மா விடுவேனா?"

இப்போது அவள் தங்கியிருக்கும் வீட்டில் நாலு பெண்களுக்கு ஒரு சமையலறை. மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். பிஸ்கட் வந்துசேர்ந்தாளா, எங்கே இருக்கிறாள் என்று கேட்க எங்கள் விதி அனுமதிக்காது. வந்துவிட்டாள் என்றே அக்கா வைத்துக்கொண்டிருக்கிறாள். "அவ ரூம்ல நல்லா வெயில் வரும், பாரேன். எனக்குத்தான் ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு" என்று முணுமுணுக்கிறாள்.

வாரம் ஒரு முறை மனநல ஆலோசனைக்குப் போகிறாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கேட்டது தன்னைத்தான் என்று பிடிபட இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறதாம். போன வாரம் என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"தூக்கம் வருதுன்னு சொன்னேன். கை வலி போயிடுச்சுன்னு சொன்னேன். முடி மட்டும் இன்னும் கொட்டுதுன்னு சொன்னேன். அப்புறம், எனக்கு முன்னாடி உள்ள போனவ ரொம்ப நேரம் பேசிட்டிருந்தா, என் நேரத்துல கை வைக்காதீங்கன்னு சண்டை போட்டேன்."